காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, காருக்குள் இருப்பவர்களுக்கு?

2025 ஜூலை தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கர்நாடகத்தில் 2014-ல் நடந்த விபத்து அது. வேகமாகவும் கவனமின்றியும் ஓட்டியதில் கார் கவிழ்ந்தது, ஓட்டியவரே இறந்துபோனார். குடும்பத்தினர் ரூ. 80 லட்சம் இழப்பீடு கேட்டார்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மறுத்தது. உயர் நீதிமன்றமும் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. செய்தி பரவியபோது அது ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது: 'தன் தவறால் இறந்தால் இன்சூரன்ஸ் கிடையாது.'

அந்த வரி பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரி என்று தெரிய வேண்டுமானால், கார் பாலிசி என்ற ஒரே தாளுக்குள் யார் யாருக்கு என்னென்ன வாக்குறுதி இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம்' என்று சொல்லும் பலர் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் அந்தத் தாளில் இருப்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு.

## ஒரு தாளில் மூன்று ஒப்பந்தம்

1. மூன்றாம் தரப்புப் பொறுப்பு. முதல் தரப்பு கார் உரிமையாளர், இரண்டாம் தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி. இந்த இருவரும் அல்லாத, நம் காரால் பாதிக்கப்பட்டவர் மூன்றாம் தரப்பு. அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும்.

2. சொந்தச் சேதம். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றால் நம் காருக்கு வரும் இழப்பு. இது வண்டிக்கானது, மனிதருக்கானது அல்ல.

3. உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு. காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ கிடைக்கும் தொகை. ரூ. 15 லட்சம்.

முதலாவது மட்டும் இருந்தால் அது 'தேர்ட் பார்ட்டி' பாலிசி; வழக்குகளில் 'ஆக்ட் பாலிசி' என்பார்கள். முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தது பேக்கேஜ் பாலிசி. பேச்சுவழக்கில் ஃபுல் இன்சூரன்ஸ் என்பது இதைத்தான். மூன்றாவது இரண்டோடும் வரும், தனியாகவும் வாங்கலாம்.

## சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை ரூ. 2,000, அடுத்த முறை ரூ. 4,000 அபராதம், 3 மாதம் வரை சிறையும் உண்டு.

இந்தக் கட்டாயம் நம்மைப் பாதுகாக்க வந்ததல்ல. நாம் இடித்துவிடும் ஆளைப் பாதுகாக்க வந்தது. நடந்துபோகிறவர், பைக்கில் வருகிறவர், எதிர்க்காரில் இருக்கிறவர் ஆகியோருக்கு இழப்பீடு கொடுக்க நம்மிடம் பணம் இல்லாமல் போகலாம் என்பதால், கொடுக்கக்கூடிய ஒரு கம்பெனியை நம் பின்னால் நிறுத்துகிறது சட்டம். அதனால்தான் உயிரிழப்பு, காயம் ஆகியவற்றுக்கு இங்கே உச்சவரம்பு இல்லை. தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதையும் கம்பெனி கொடுக்கிறது. பிறர் பொருளுக்கு வரும் சேதத்துக்கு மட்டும் தனியார் காருக்கு ரூ. 7.5 லட்சம் வரை. பிரீமியத்தில் சொற்பம் மிச்சம் பிடிக்க அதை ரூ. 6,000 ஆகக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. விலை உயர்ந்த கார்கள் நிறைந்த சாலையில் அந்த மிச்சத்துக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது. ஒரு ஹெட்லைட்டே ரூ. 6,000-ஐத் தாண்டிவிடும்.

ஆக, கட்டாயமாக இருப்பதை மட்டும் வாங்கி வைத்திருப்பவர், ஊராரின் குடும்பத்தைப் பாதுகாத்துவிட்டுத் தன் குடும்பத்தை வெளியே விட்டிருக்கிறார்.

## பின் இருக்கையில் இருப்பவர் மூன்றாம் தரப்பா?

மகன் ஓட்டுகிறார், அம்மா பின்னால் இருக்கிறார், கார் மரத்தில் மோதுகிறது. அம்மா இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் முதல் தரப்பும் இல்லை, இரண்டாம் தரப்பும் இல்லை. அப்படியானால் மூன்றாம் தரப்புதானே?

சாதாரண அறிவுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் தனியார் காரில் காசு கொடுக்காமல் பயணிப்பவரைக் காப்பது சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதே நீதிமன்றங்கள் எடுத்திருக்கும் நிலை. எனவே ஆக்ட் பாலிசியில் அவருக்கு இடம் இல்லை. பேக்கேஜ் பாலிசியில் உண்டு. அதன் பொறுப்புப் பிரிவு, 'காரில் பயணிப்போர் உட்பட எந்த நபருக்கும்' என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பி இதைத் தெளிவாக்கியது. உச்ச நீதிமன்றமும் 2012-ல் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஒரே கார், ஒரே விபத்து, ஒரே இருக்கை. தாளின் தலைப்பு மாறினால் இழப்பீடு லட்சக்கணக்கிலும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இது ஒருமுறை பெரிய பரபரப்பானது. 2021 ஆகஸ்டில் ஈரோடு பக்கத்து விபத்து வழக்கு ஒன்றில், இது வெறும் ஆக்ட் பாலிசி, காருக்குள் இருந்தவருக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. கூடவே, செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவரையும் காக்கும் 'பம்பர் டு பம்பர்' காப்பீடு 5 ஆண்டுக்குக் கட்டாயம் என்றும் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல் எழுந்ததால் அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் அது விட்டுச்சென்ற சொல்குழப்பம் போகவில்லை. ஷோரூமிலும் ஏஜென்டிடமும் பம்பர் டு பம்பர் என்றால், பழுதுபார்க்கும்போது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' என்றுதான் பொருள். அது பிளாஸ்டிக்குக்கான காப்பு. அதை வாங்கியதால் உள்ளே இருக்கும் மனிதருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்காது.

பேக்கேஜ் பாலிசியிலும் ஒரு நெருடல் இருக்கிறது. பயணிகளுக்கான இழப்பீடு தானாக வந்து சேராது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, ஓட்டியவர் மேல் தவறு என்று காட்ட வேண்டும். அப்பா ஓட்டிய காரில் அம்மாவை இழந்த பிள்ளைகள், அப்பாவின் தவறை நிரூபிக்கும் நிலை. முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். தவறு யாருடையது என்று கேட்காமல் பயணிகளுக்குத் தொகை தரும் தனிநபர் விபத்துக் காப்பை பாலிசியோடு சேர்த்துக்கொள்ளலாம். வழக்கமான விதிமுறையில் பெயர் குறிப்பிடாத பயணி ஒருவருக்கு ரூ. 2 லட்சம் வரைதான். சின்னத் தொகைதான்; ஆனால் வழக்கு இல்லாமல் கைக்கு வருவது.

## ஸ்டியரிங் பிடித்தவரின் கணக்கு

இப்போது அந்த 2025 வழக்குக்கு வரலாம். தன் தவறால் விபத்துக்குள்ளானவர் தனக்கே மூன்றாம் தரப்பாக முடியாது. தவறு செய்தவரும் அவர், பாதிக்கப்பட்டவரும் அவர். அவர் சார்பில் யாரிடம் இழப்பீடு கேட்பது? நீதிமன்றங்கள் சொன்னது இவ்வளவுதான். அந்தக் கார் அவருடையது அல்ல, வேறொருவருடையது. அதுவும் உதவவில்லை. காரை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது.

தனிநபர் விபத்துக் காப்பையோ ஆயுள் காப்பீட்டையோ இந்தத் தீர்ப்பு தொடவில்லை. அவை தவறு யாருடையது என்று கேட்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டியது போன்ற விலக்குகளில் சிக்காதவரை தொகை உண்டு. ஒற்றை வரிச் செய்தி தப்பாகப் போன இடம் இது.

ஆனால் தொகை போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 38, சொந்தத் தொழிலில் மாதம் ரூ. 40,000 வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நால்வர் அவரை நம்பி. விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டைக் கணக்கிட 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது:

1. ஆண்டு வருமானம் ரூ. 4,80,000.
2. 40 வயதுக்குக் கீழ், சுயதொழில் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40% கூட்டினால் ரூ. 6,72,000.
3. நால்வர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் ரூ. 5,04,000.
4. 36 முதல் 40 வயதுக்கான பெருக்கெண் 15. பெருக்கினால் ரூ. 75,60,000.

இறுதிச்சடங்குச் செலவு, துணையின் இழப்பு போன்றவை தனி. இவர் சாலையோரம் நடந்துபோகும்போது வேறொரு கார் மோதி இறந்திருந்தால், அந்தக் காரின் தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து குடும்பத்துக்கு இந்த அளவு வந்திருக்கும். அதே மனிதர் தன் காரில் தூக்கக் கலக்கத்தில் பாலத்தில் மோதி இறந்தால் ரூ. 15 லட்சம். ஐந்தில் ஒரு பங்குதான். இதுவும் 2018-ல் உயர்த்தியது. அதற்கு முன்பு காருக்கு ரூ. 2 லட்சமாகத்தான் இருந்தது.

இந்தப் பள்ளத்தைக் கார் பாலிசியால் நிரப்ப முடியாது, முயலவும் வேண்டாம். இதற்கு உரியது டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு. கார் வாங்கும்போது ஷோரூமில் கிடைக்கும் கூடுதல் காப்புகளில் பாதியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை டேர்ம் பிரீமியத்துக்குத் திருப்பினால் குடும்பத்துக்கு உண்மையான பயன்.

சரி, அந்த ரூ. 15 லட்சமாவது எல்லோருக்கும் உண்டா என்றால், இல்லை.

- காரின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே. கணவர் பெயரில் கார் இருந்து மனைவி ஓட்டும்போது விபத்து என்றால், மனைவிக்கு இந்தக் காப்பு இல்லை. அவர் பெயரைக் குறிப்பிட்ட தனிநபர் விபத்துக் காப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது அவருக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி வேண்டும். வீட்டில் இருவர் ஓட்டும் குடும்பங்களில் அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை இதுதான்.
- உரிமையாளரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும்.
- ஒருவரிடம் கார், பைக் என்று எத்தனை வண்டி இருந்தாலும் ஒரு காப்பு போதும். ஒவ்வொரு பாலிசியிலும் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.
- சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள், அவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பைச் சேர்க்கலாம். பழைய கட்டண அட்டவணையில் இதன் விலை ஆண்டுக்கு ஒரு டிரைவருக்கு ரூ. 50 மட்டுமே.

## ஆஸ்பத்திரி பில்லை முதலில் யார் கட்டுவது

காயத்துக்கான இழப்பீடு தீர்ப்பாயத்தில் என்றோ வரும். ஐ.சி.யு. முன்பணம் இன்று இரவே கேட்பார்கள். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு 7 நாள் வரை, ரூ. 1.5 லட்சம் வரை, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்தைக் கவனித்துக்கொள்கிறது. தலைக்காயமோ பல எலும்பு முறிவோ என்றால் இவை தொடக்கத்துக்குத்தான் காணும். குடும்பம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு இல்லாமல் காருக்கு மட்டும் விதவிதமான காப்பு போடுவது தலைகீழ் வரிசை.

## காருக்கான காப்பு

இதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் இங்கே சுருக்கமாக.

ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பு). கார் திருடுபோனாலோ, பழுதுச்செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினாலோ கிடைக்கும் தொகை. வழக்கமான அட்டவணைப்படி கார் விலையிலிருந்து முதல் 6 மாதத்துக்கு 5%, ஓராண்டு வரை 15%, 2 ஆண்டு வரை 20% என்று கழிந்து, 5 ஆண்டு நெருங்கும்போது 50% ஆகும். 'பிரீமியம் குறைத்துத் தருகிறேன்' என்று வரும் சில பேரங்களில் குறைவது இதுதான். கடனில் வாங்கிய கார் என்றால் இதில் கை வைக்கவே கூடாது. இழப்பீடு முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும், மீதி இருந்தால்தான் நமக்கு. காரும் போய், தவணையும் பாக்கி நிற்கும் நிலை வரலாம்.

ஜீரோ டெப். இது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையும், ஃபைபர் பாகங்களுக்கு 30 விழுக்காடும் நம் கையிலிருந்து போகும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. முதல் சில ஆண்டுகளுக்கு மதிப்புள்ள சேர்ப்பு.

எஞ்சின் காப்பு. வெள்ளம் பேக்கேஜ் பாலிசியில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, உள்ளே நீர் ஏறி எஞ்சின் பழுதானால், அது உரிமையாளரே உண்டாக்கிய சேதம் என்று கம்பெனி மறுக்கும். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இந்தச் சேர்ப்பு அவசியம். வாங்கியிருந்தாலும், தண்ணீரில் நிற்கும் காரில் சாவியைத் திருப்பாமல் இழுவை வண்டியை அழைப்பதே சரி.

என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்). கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் சலுகை, சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும். சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடும் முன் இந்தச் சலுகையின் மதிப்பைக் கணக்கிடுங்கள்.

புதுக் கார் வாங்கியவர்கள் விழும் குழி ஒன்று. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 ஆண்டு தேர்ட் பார்ட்டி கட்டாயம். பெரும்பாலும் சொந்தச் சேதம் ஓராண்டுக்கு மட்டும், ரூ. 15 லட்சம் காப்பும் ஓராண்டுக்கே எடுக்கப்பட்டிருக்கலாம். '3 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்ற நினைப்பில் இரண்டாம் ஆண்டு இவை இரண்டும் இல்லாமலே ஓடுகிற நிலை வரும்.

## கம்பெனி கைவிரிக்கும் இடங்கள்

குடித்து ஓட்டுவது, லைசென்ஸ் இல்லாதவரிடம் காரைக் கொடுப்பது ஆகியவற்றில் சொந்தச் சேதம் கிடையாது என்பது பலருக்கும் தெரியும். அதோடு முடிவதில்லை. இப்படிப்பட்ட மீறல்களில் பாதிக்கப்பட்ட வெளியாளுக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளக் கம்பெனிக்குத் தீர்ப்பாயம் அனுமதி தரும். பதினெட்டு வயது ஆகாத மகன் தெருமுனை வரை ஓட்டிப்போய் ஒருவரை இடித்தால், மேலே போட்ட கணக்கின் ரூ. 75 லட்சம் வீட்டின் மேல் வந்து விழலாம்.

இன்னொன்று ஓன் போர்டு கார். தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை, டீசல் போக நாளுக்கு இவ்வளவு என்று பேசிக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ எடுத்துப்போவது சகஜம். காசு கைமாறிய நொடியில் அது வாடகைப் பயணம். பேக்கேஜ் பாலிசியில் பயணிகளுக்கு இருந்த காப்பு அங்கே அறுந்துவிடுகிறது. மஞ்சள் போர்டு வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்களே என்று நினைக்கும்போது, அந்தக் கூடுதலில் இதுவும் அடக்கம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பழைய கார் வாங்கினால் பெயர் மாற்றத்தோடு பாலிசியையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி தானாகவே புது உரிமையாளருக்கு வரும்; சொந்தச் சேதம் வராது, பழைய உரிமையாளரின் விபத்துக் காப்பும் வராது.

## பாலிசித் தாளில் விரல் வைத்துப் பார்க்க வேண்டியவை

1. தலைப்பு பேக்கேஜா, லயபிலிட்டி ஒன்லியா (தேர்ட் பார்ட்டி மட்டுமா).
2. ஆர்.சி.யில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றா.
3. தேர்ட் பார்ட்டி, சொந்தச் சேதம், தனிநபர் விபத்து ஆகிய மூன்றின் முடிவுத் தேதிகள். மூன்றும் வேறு வேறாக இருக்கலாம்.
4. பொருள் சேத வரம்பு ரூ. 7.5 லட்சமா, ரூ. 6,000-ஆ.
5. காரை ஓட்டும் மற்றவர்களுக்கு விபத்துக் காப்பு எங்காவது இருக்கிறதா.
6. நாமினி பெயர். திருமணத்துக்கு முன் வாங்கிய காரில் பெற்றோர் பெயரே நிற்கும். நாமினி மைனர் என்றால் அவர் சார்பில் பெற்றுக்கொள்ளும் பெரியவரின் பெயரும் வேண்டும்.

அந்த ஆறாவது வரியில் பெயர் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். தேர்ட் பார்ட்டி வழக்கென்றால் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ யாராவது வழி சொல்வார்கள். தன் தவறால் நடந்த விபத்தில், எதிர்த்தரப்பே இல்லாத வழக்கில், 'உங்களுக்கு ரூ. 15 லட்சம் வர வேண்டும்' என்று வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல யாரும் வர மாட்டார்கள்.